கேட்டவர் நிற்க வேண்டும்

ரயில்வே யார்டின் பின்வாசலில் வக்கீலம்மா காரைவிட்டு இறங்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. வானம் மழையைக் காட்டிக் காட்டி ஏமாற்றிக்கொண்டிருந்தது. கூடவே வந்த குமாஸ்தா கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். ஜல்லிக்கல்லில் நடந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்றார். வேலை என்று வந்தால் அவருக்கு உடம்பில் ஏதாவது ஓர் இடம் பிடித்துக்கொள்வது வழக்கம்தான்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கம்மா. நான் இங்க கேட்கீப்பர்கிட்ட நாலு விஷயம் கறந்து வைக்கிறேன்."

ரயிலில் அடிபட்டுக் கை கால் போனவர்களுக்கும், உயிரே போனவர்களின் குடும்பத்துக்கும் வழக்காடுவது அவள் தொழில். ஆரம்பத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் வீட்டில் உட்கார்ந்து அழுதாள். பிறகு அழுகையைக் கோர்ட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு அதுவும் நின்றுபோனது. இப்போதெல்லாம் விபத்துப் படங்களை ஒரு கையால் புரட்டிக்கொண்டே மறு கையால் சாப்பிடுவாள். உங்களுக்கு மனசு மரத்துப்போச்சும்மா என்று குமாஸ்தா சொல்வார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று அவள் கேட்டதில்லை.

இந்த வழக்கு, வேகன் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவனுடையது. ஆள் நல்ல உயரம் என்பதால் யார்டில் அவனுக்கு ஒட்டடைக்கம்பு என்று பெயர். பழுதான சரக்கு வேகனுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். மறுமுனையில் எஞ்சின் வந்து முட்டியது. வேகன் நகர்ந்து இடுப்பின் மேல் ஏறி நின்றது. அவனாகத்தான் உள்ளே நுழைந்தான், காவலுக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை, தப்பு முழுக்க அவனுடையது என்று நிர்வாகம் கையைக் கழுவிவிட்டது. நஷ்டஈடு கிடையாது. குடியிருக்கும் ரயில்வே வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவன் மனைவிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வழக்குத் தோற்றால் மூன்று பேரும் தெருவில்தான்.

வேலைக்காக வண்டிக்கு அடியில் போகிறவனுக்கு ஒரு கூட்டாளி மேலே நிற்பது யார்டு வழக்கம். ஒட்டடைக்கம்புக்கு எப்போதும் நின்றவன் சோடாபுட்டி. தடித்த கண்ணாடி போட்டவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள். ஆனால் விசாரணையில் சோடாபுட்டி, அன்றைக்கு நான் அங்கே இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு லீவில் போய்விட்டான். அவன் வாயைத் திறந்தால் வழக்கு ஜெயிக்கும். வேறு சாட்சி கிடையாது.

யார்டு சூப்பர்வைசர் முன்னால் நடந்தார். கடைசித் தண்டவாளத்தின் கோடியில், கோர்ட்டு உத்தரவின்படி அசைக்காமல் நிறுத்திவைத்திருந்த வேகன் நின்றது. சக்கரங்களில் துரு ஏறியிருந்தது. பழைய கிரீஸ் வாசனையோடு, ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி மறந்துபோனால் வருமே, அப்படி ஒரு முடை நாற்றமும் கலந்து வந்தது. பக்கத்துத் தண்டவாளங்களில் சத்தமும் சங்குமாக வேலை நடந்துகொண்டிருக்க, இந்தக் கோடியில் மட்டும் எவரும் இல்லை.

இல்லை என்று சொல்ல முடியாது. சக்கரத்தை ஒட்டி ஒருவன் நின்றான்.

குட்டையான ஆள். நீலச் சட்டை. தலையைக் குனிந்து வேகனின் அடியைப் பார்த்தபடி நின்றான். தடித்த கண்ணாடி. இரண்டு கையிலும் கைக்கொரு கிளாஸ் டீ வைத்திருந்தான்.

"இவர்தானே அந்தக் கூட்டாளி? லீவுல இருக்கார்னு சொன்னீங்க?"

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அவன் லீவுலதான் மேடம் இருக்கான்."

"அப்ப இது யாரு?"

"எது மேடம்?" என்றார் அவர், தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு. "சீக்கிரம் பாத்துட்டு வந்துடுங்க. ரொம்ப நேரம் நின்னா இங்க கால் பிடிச்சுக்கும்."

வக்கீலம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். குட்டை ஆள் திரும்பவில்லை. சாட்சிகள் அவளைக் கண்டு ஓடுவதும் செவிடாவதும் புதிதல்ல. முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்கே போய்ப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

சோடாபுட்டியின் வீடு யார்டுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் இருந்தது. அவனுடைய அக்கா கதவைத் திறந்தாள். வக்கீல் என்றதும் முகம் சுருங்கியது.

"தம்பியால பேச முடியாது. படுத்த படுக்கையா இருக்கான்."

"இப்பதான் யார்டுல பாத்துட்டு வர்றேன். நல்லாத்தானே நின்னுட்டிருந்தார்."

அக்காவின் கை கதவிலேயே நின்றது. கோபம் வரும் என்று வக்கீலம்மா எதிர்பார்த்தாள். வந்தது வேறு. "நீங்களும் பாத்தீங்களா?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

உள்ளறையில் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவன் கிடந்தான். அதே குட்டை உருவம், அதே கண்ணாடி. போர்வைக்கு மேலே இருந்த கைகள் எலும்பாக இருந்தன. கால்கள் பக்கம் போர்வை அசைவில்லாமல் கிடந்தது. விசாரணைக்கு எழுதிக் கொடுத்த மறுநாள் காலையில் எழுந்திருக்க முயன்று விழுந்தவன்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை என்று அக்கா சொன்னாள். டாக்டர்கள் ஊசியால் குத்திப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை, அதிர்ச்சி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா வெளியே போனதும் அவன் வாயைத் திறந்தான். குரல் மட்டும் நன்றாக இருந்தது.

"கையில டீ வெச்சிருந்தேனா?"

"ஆமா. ரெண்டு கிளாஸ்."

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு கீழ இருந்த மச்சானுக்கு." கண்ணாடிக்குள் அவன் கண்கள் கலங்கின. "உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. நான்தான் அன்னிக்கு நின்னேன்."

வக்கீலம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அது அவள் கையின் பழக்கம்.

"எங்க யார்டுல ஒரு வழக்கம் உண்டும்மா. நிர்வாகத்துக்குத் தெரியாது, நாங்களா வெச்சுக்கிட்டது. ஒருத்தன் வண்டிக்கு அடியில போனா, இன்னொருத்தன் குனிஞ்சு 'கீழ யாரு'ன்னு கேக்கணும். அந்தச் சத்தத்துல உள்ள இருக்கிறவன் பேசுனா கேக்காது, அதனால ஸ்பேனரால இரும்புல தட்டுவான். தட்டுனா, மேல இருக்கிறவன் 'நிக்கிறேன்'னு சொல்லணும். அவ்வளவுதான். அப்புறம் அவன் வெளிய வர்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கேட்டவன் நிக்கணும்."

"அவசரமா எங்கயாவது போகணும்னா?"

"வேற ஒருத்தன் வந்து, அவனும் குனிஞ்சு கேக்கணும். அவனுக்கும் தட்டு வரணும். அப்பதான் முன்னாடி நின்னவன் போகலாம்."

"நீங்க கேட்டீங்களா அன்னிக்கு?"

"கேட்டேன். தட்டுனான். நிக்கிறேன்னு சொன்னேன். டீக்காரன் வந்தான்மா. அவன் நிக்க மாட்டான், போயிட்டா போனதுதான். மச்சானும் காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல. எட்டு வெச்சுப் போய் எட்டு வெச்சு வந்துடலாம்னு போனேன். நான் அங்க நின்னிருந்தா எஞ்சின்காரன் என்னைப் பாத்து நிறுத்தியிருப்பான். ஆள் நிக்கலன்னா வண்டி ஃப்ரீன்னு அர்த்தம்."

ஒரு கிளாஸ் டீக்காக ஒரு மனிதன் செத்துப்போனான். இதைக் கேட்டு வேறு யாராவதாக இருந்தால் நெஞ்சு அடைத்திருக்கும். வக்கீலம்மாவுக்கு, இவனைக் கூண்டில் ஏற்றிவிட்டால் ஜெயித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்படவும் இல்லை.

"உடனே சாகல அவன்," என்றான் சோடாபுட்டி. "வண்டியைத் தூக்க ஆள் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தான். வலிக்குதாடான்னேன். ஒண்ணும் வலிக்கல மச்சான், கால்தான் மரத்துப்போச்சு, கொஞ்சம் தேய்ச்சு விடுன்னான். நான் தேய்ச்சேன். தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். காலு அந்தப் பக்கம் கிடந்துச்சும்மா."

வெளியே அக்கா எதையோ கழுவும் சத்தம் வந்தது.

"இதை அப்படியே கோர்ட்டுல வந்து சொல்லணும்."

"சொல்றேன். வேலை போனாலும் போகட்டும். அந்தப் பொண்ணும் பிள்ளைங்களும் தெருவுக்கு வரக்கூடாது." அவன் தன் கால்களைக் காட்டினான். "ஆனா நான் எப்படி வருவேன்? நான்தான் அங்க நிக்கிறேனே."

கட்டிலோடு தூக்கி வரலாம் என்று அவள் சொன்னாள். யார்டுப் பக்கத்தை விட்டு என்னை நகர்த்தினால் மூச்சு நின்றுவிடுகிறது, ஆஸ்பத்திரிக்கே பாதி வழியில் திரும்பினோம் என்றான் அவன். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "யாராவது போய்க் கேட்டா மச்சான் என்னை விட்டுடுவான். ஆனா சும்மா கேட்டுட்டு வர முடியாதும்மா. கேட்டவங்க நிக்கணும். உங்களை நான் போகச் சொல்லல. விஷயத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்."

அவள் அதை நம்பவில்லை. இது மனசு செய்கிற வேலை, அவன் மனசுக்கு யாராவது சமாதானம் சொன்னால் கால் தானாக எழுந்துவிடும் என்று நினைத்தாள். யார்டில் பார்த்த உருவத்தைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. வேண்டாததை நினைக்காமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம். வாய்தா நெருங்கிக்கொண்டிருந்தது. காரியம் ஆக வேண்டும்.

மறுநாள் பிற்பகல் தனியாகவே போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிடவில்லை. ஜல்லியில் அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கூட வந்தது. பாதி வழியில் அந்த ஈரத்துணி நாற்றம் எதிர்கொண்டது. எஞ்சின்களின் சத்தம் ஒவ்வொரு அடிக்கும் தூரமாகப் போவதுபோல் இருந்தது. வேகனுக்குப் பக்கத்தில் வந்தபோது மழைச் சத்தம்கூட இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அவன் நின்றான். இரண்டு கிளாஸோடு, குனிந்த தலையோடு. டீயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மழைத்துளிகள் அவன் மேல் விழுந்தன. சட்டை நனையவில்லை.

வக்கீலம்மா அவனைத் தாண்டிப் போய், சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தாள். உள்ளே இருட்டு. பட்டப்பகலில் ஒரு வேகனுக்கு அடியில் இவ்வளவு இருட்டு இருக்க முடியாது. மறுபக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை.

தன்னைப் பார்த்தால் குமாஸ்தா எப்படிச் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கீழ யாரு?"

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக நிமிரப் போனாள்.

டங். டங்.

கொஞ்சம் இடைவெளி.

டங்.

இரும்பில் இரும்பு படுகிற சத்தம். அவசரமில்லாத தட்டு. வேலைக்கு நடுவில், கையை நிறுத்தாமல், இருக்கிறேன் என்று சொல்கிற தட்டு.

அவளுக்குப் பயம் வர வேண்டும். வந்த மாதிரி தெரியவில்லை. ஆரம்பித்த வேலையை முடிக்காமல் விட அவளுக்குப் பிடிக்காது.

"நிக்கிறேன்," என்றாள்.

பக்கத்தில் நின்றவன் தலையை நிமிர்த்தினான். ஒரு கிளாஸைக் குனிந்து தண்டவாளத்தின் மேல் வைத்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டான். அவளை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அதைவிட அதிகமாக இரக்கம் இருந்தது. பிறகு ஜல்லியில் சத்தமே எழாமல் நடந்து போனான்.

அவளும் திரும்பி நடந்தாள். கேட்டைத் தாண்டும்போதுதான் கவனித்தாள். செருப்புக்குள் கால்விரல்கள் இருப்பதே தெரியவில்லை.

வாய்தா அன்று சோடாபுட்டி தன் காலால் நடந்து வந்து கூண்டில் ஏறினான். அவனுடைய அக்கா வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். அவன் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. நான்தான் காவல் நின்றேன், நான்தான் டீ வாங்கப் போனேன், ரெண்டு பேர் வேலைக்கு மூணாவது ஆள் கேட்டு எழுதிப் போட்டும் நிர்வாகம் தரவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல் எங்கெல்லாமோ மடக்கிப் பார்த்து மூக்குடைபட்டார். தீர்ப்பு ஒட்டடைக்கம்பின் மனைவிக்குச் சாதகமாக வந்தது. நஷ்டஈடும் கிடைத்தது, வீட்டை விட்டு யாரும் கிளப்பக் கூடாது என்ற உத்தரவும் கிடைத்தது.

வக்கீலம்மா அந்த வழக்கைக் கடைசிவரை மேஜையில் சாய்ந்து நின்றே நடத்தினாள். அதற்குள் முழங்கால் வரை மரத்துப்போயிருந்தது. தீர்ப்பு வந்த வாரம் இடுப்பைத் தொட்டது. டாக்டர்கள் ஊசியால் குத்தினார்கள், படம் எடுத்தார்கள், ஒரு குறையும் இல்லை என்றார்கள். குமாஸ்தா எங்கிருந்தோ சக்கர நாற்காலி ஒன்றைப் பிடித்து வந்தார்.

"ஒரு விஷயம் கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார் ஒருநாள். "கேட்கீப்பர் போன் பண்ணினான். அந்த அம்மா ஏன் தினமும் வந்து கடைசி லைன்ல நிக்கிறாங்கன்னு கேக்கறான். கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராமன்னு."

"தண்ணியப் போட்டிருப்பான்."

"நானும் அதைத்தான் சொன்னேன். அவன் சாமி சத்தியமா குடிக்கறதில்லைங்கறான்."

வழக்கு முடிந்ததும் வேகனை இழுத்துப் போய் உடைத்துவிட்டார்கள். அடியில் இருந்தவன் போகவில்லை. நாற்காலிக்கு அடியில் தட்டினான், கட்டிலுக்கு அடியில் தட்டினான். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று கேட்பதுபோல. பதில் சொல்லாவிட்டால் விடமாட்டான். 'நிக்கிறேன்' என்று அவள் முணுமுணுத்தால் அடங்கிவிடுவான். அதில் கோபம் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. இதைப் பழகிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தாள். இதுவரை எத்தனையோ பழகியாயிற்று.

யாரையாவது மாற்றிவிடலாமே என்று அவள் யோசிக்காமல் இல்லை. முதலில் நினைவுக்கு வந்தது எதிர்த்தரப்பு வக்கீல்தான். அதில் கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள். ஆனால் அவருக்கும் வயதான அம்மா உண்டு. குமாஸ்தாவுக்கு ஏற்கெனவே உடம்பு முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறது. யோசிக்க யோசிக்க ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒன்றில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள். செத்தவனின் மனைவிக்கு இது தெரியவே கூடாது. தெரிந்தால் அந்தப் பெண் ஓடி வருவாள். அப்புறம் அந்தப் பிள்ளைகளுக்கு யார்? அவர்களைத் தெருவில் விடக் கூடாது என்றுதானே இவ்வளவும். அதனால் சோடாபுட்டியைக் கூப்பிட்டு, இந்த வழக்கத்தைப் பற்றியோ தட்டைப் பற்றியோ அந்த வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லி வைத்தாள். அவனும் சத்தியம் செய்தான்.

அந்தப் பெண்ணே ஒரு மழை நாளில் ஆபீசுக்கு வந்தாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, ஒரு பை ஆப்பிளை மேஜையில் வைத்தாள். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள், பெரியவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்றெல்லாம் சொன்னாள். பேசிக்கொண்டே வக்கீலம்மாவின் நாற்காலியைப் பார்த்தாள். கால்களைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடியே வந்திருக்கணும்க்கா. உங்களை யார்டுல பாத்தேன்."

"என்னையா? நான் எங்கயும் போறதில்லயே."

"தெரியும். கூப்பிட்டேன், நீங்க திரும்பல. சோடாபுட்டி அண்ணனும் இப்படித்தான் நின்னாரு. அப்பவும் கூப்பிட்டேன்."

வக்கீலம்மா பதில் சொல்லுமுன் அது கேட்டது.

டங். டங்.

டங்.

மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. தரையில் இரும்பே இல்லை. வெறும் சிமெண்டுத் தரை.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. பயந்தவள் முகமாக அது இல்லை. "அவரு வீட்டுக்கு வந்தா இப்படித்தான் தட்டுவாரு," என்றாள். "காலிங் பெல் மாட்டியும் தட்டத்தான் செய்வாரு."

"பைப்பு. மழை பெஞ்சா இந்தக் கட்டடத்துல எல்லாப் பைப்பும் சத்தம் போடும்."

"பைப்பு சத்தம் எனக்குத் தெரியாதாக்கா? யார்டுக்காரன் பொண்டாட்டி நான், கேட்டவங்க நிக்கணும்கிற வழக்கமும் அவரே சொல்லியிருக்காரு." அவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். "நீங்க எங்களுக்குச் செஞ்சது போதும். இது உங்க வேலை இல்ல. அவருக்கு நான்தானே நிக்கணும்."

"பிள்ளைங்க இருக்காங்க. முட்டாளா நீ. பிள்ளைங்க இருக்காங்க." வக்கீலம்மா நாற்காலியின் சக்கரத்தைத் தள்ளினாள். அது சுவரில் முட்டி நின்றது. எழுந்திருக்கப் பார்த்தாள். கால்கள் யாருடையதோபோல் தொங்கின.

"கொஞ்ச நேரம்தானேக்கா. அவரு வேலையை முடிச்சுட்டு வெளிய வந்துடுவாரு."

"வர மாட்டாரு. கேளு, அவரு செத்து..."

அந்தப் பெண் தரையில் மண்டியிட்டாள். முந்தின நாள் வேலைக்குப் போன கணவனைத் தேடுகிறவள்போல மேஜைக்கு அடியில் தலையைக் குனிந்தாள்.

"கீழ யாரு?"

டங். டங்.

டங்.

முதலில் கட்டைவிரலில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. பிறகு பாதம் முழுக்க ஊசி குத்தியது. ரத்தம் திரும்புகிற வலி முழங்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, அங்கேயும் நிற்காமல் நெஞ்சுக்கு வந்தது. வக்கீலம்மா வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷமாகப் புரட்டிய படங்களில் இருந்த அத்தனை பேருக்கும் சேர்த்து அழுதாள். அழுதுகொண்டே எழுந்தாள். கால்கள் நின்றன.

நிற்க முடிந்ததும் தரையில் விழுந்து, மேஜைக்கு அடியில் முகத்தை வைத்துக் கத்தினாள். "கீழ யாரு? கீழ யாரு?"

மேஜைக்கு அடியில் தூசியும் ஒரு பழைய பேனா மூடியும் கிடந்தன.

"நான் கேக்கறேன். நான் நிக்கிறேன். தட்டுய்யா."

தட்டு வரவில்லை. எத்தனை முறை கேட்டும் வரவில்லை. அவள் குரல் கம்மிப்போகும் வரை கேட்டாள். சத்தம் கேட்டுக் குமாஸ்தா ஓடி வந்து, நடக்க முடியாதவள் மண்டியிட்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் முன்னால் நீட்டிக் கிடந்தன. ஒரு கையால் முழங்காலை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"லேசா மரத்த மாதிரி இருக்குக்கா. வலியெல்லாம் இல்ல."

பிறகு வக்கீலம்மாவுக்கும் குமாஸ்தாவுக்கும் கேட்காத எதற்கோ தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். முகம் மலர்ந்தது. பிள்ளைகள் தூங்கும் வீட்டில் பேசுகிற மாதிரி, மெல்லிய குரலில் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நிக்கிறேங்க. அவசரமில்ல. மெதுவா வாங்க."